ஹீற்றர் விளக்கு என்று சொன்னீர்கள்

அத்தான்,

நேற்றுக் காலை உங்கள் காரின் கதவைத் திறந்தபோது ஏலக்காய் மணத்தது. நீங்கள் போய் ஒரு குளிர்காலம்கூட இன்னும் முடியவில்லை. கார் பெரும்பாலும் பூட்டியபடியேதான் நின்றது. சாம்பல் கிண்ணத்தை இழுத்துப் பார்த்தேன். மென்று துப்பிய ஏலக்காய்க் கோதுகள் காய்ந்து கிடந்தன. “ஏலக்காய் வயித்துக்கு நல்லது” என்பீர்கள். உங்கள் வயிற்றுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. விஸ்கி மணம் பொலிஸ்காரனின் மூக்குக்கு எட்டக்கூடாது என்பதற்காகத்தான் அது. எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எல்லோரும் உங்களிடம் ஒன்று வாங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள்.

வெளியே பனி கணுக்காலை மூடிக் கிடந்தது. லண்டனில் இப்படிக் கொட்டி நான் கண்டதில்லை. பஸ்கள் ஓடவில்லை. கவுன்சில் அலுவலகத்தில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா தனியே இருக்கிறாளே என்று ஸ்ட்ரெதமிலிருந்து நோர்பரிக்கு நடந்து வந்தேன். வந்து பார்த்தால், அவள் உங்கள் பழைய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தோசை திருப்பும் தட்டகப்பையால் கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறாள்.

“என்னக்கா செய்யிறாய்?”

“சனிக்கிழமை மகன் வந்து காரைக் கொண்டுபோறானாம், விக்க. ஊத்தையோட குடுக்கிறதே?”

“ஏன் விக்க வேணும்? நீயே காரை ஓடன்.”

“நானோ? எனக்கு ஏலாது. உனக்குத் தெரியும்தானே.”

எனக்குத் தெரியும். அந்த ‘ஏலாது’ எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். அதை அவளுக்குக் கொடுத்தவர் நீங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடித்தார்கள். என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். பௌதிகம் படித்தவள், பிழையில்லாமல் எழுதுவாள் என்று நினைத்திருப்பார்கள். வேலை அதிகம் என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். மலரில் உங்களை ‘லண்டன் தமிழரின் தேரோட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வந்திறங்கியவர்களை ஹீத்ரோவிலிருந்து ஏற்றி வந்ததும், விசாவுக்காகக் குரோய்டன் அலுவலக வாசலில் வரிசையில் நிற்க வேண்டியவர்களை விடியமுன் கொண்டுபோய் இறக்கியதும் விவரமாக இருந்தன. பொய்யில்லை. நான் வந்த அன்றும் நீங்கள்தான் ஏற்ற வந்தீர்கள். குளிருமே என்று ஒரு கோட்டும் கொண்டுவந்தீர்கள். அதை மறுக்க நான் யார்? ஆனால் அக்காவும் ஒரு காலத்தில் கார் ஓடியவள் என்று அந்த மலரில் எங்கேயும் ஒரு வரி இல்லை.

அவள் கார் பழகியது தன் ஆசைக்காக அல்ல. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது, இன்னும் இருக்கிறது. கொண்டாட்டத்துக்குப் போகும்போது கணவன் ஓடுவான். திரும்பும்போது மனைவி ஓடுவாள். மண்டபத்துக்குள் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, வெளியே கார்களின் பின்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பிளாஸ்டிக் கோப்பைகள் கைமாறும். பட்டு வேட்டியும் கோட்டும் போட்ட ஆண்கள் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்று குடிப்பார்கள். உள்ளே சூடான மண்டபம் இருக்க, இதை வேறெந்தச் சனமும் செய்து நான் காணவில்லை. போகும் நேரம் வந்ததும் கார்த் திறப்புக் கொத்து மனைவியின் கைக்கு வரும். ‘ரிட்டேர்ன் டிரைவர்’ என்று நீங்கள்தான் அதற்குப் பெயர் வைத்தீர்கள். பெண்களுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறோம் என்று அதைச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு.

அக்கா நாற்பது தாண்டிப் பழகினாள். சோதனையில் தோற்று, திரும்பப் போய்த் தோற்று, ஒருவழியாகப் பாஸ் பண்ணினாள். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எதிர்பார்க்கவில்லை. உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதோடு அவள் நின்றுவிடவில்லை. தனியே இருக்கும் முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்துவைக்கும் வேலை ஒன்றைத் தேடிக்கொண்டாள். வீடு வீடாகப் போகவேண்டிய வேலை. கார் ஓடாதவளுக்கு அது கிடைக்காது. ஒரு சின்னப் பழைய காரில் தோர்ன்டன் ஹீத்தின் ஒழுங்கைகளுக்குள் நுழைந்து நுழைந்து போவாள். ஒருநாள் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது சொன்னாள்: “கார் ஓடேக்க மட்டும் என்னை ஒருத்தரும் தேத்தண்ணி கேக்கமாட்டினம்.” இருவரும் சிரித்தோம். இருபது வருடமாக மற்றவர்களுக்காகவே அடுப்படியில் நின்றவள் அவள். இந்த நாட்டில் அவளுக்கென்று கிடைத்த முதல் நாற்காலி அந்த ஓட்டுநர் இருக்கைதான்.

அந்தக் காலத்தில்தான் நீங்கள் இந்தப் பெரிய காரை வாங்கினீர்கள். நோர்பரியில் சமதரையில் குடியிருக்கும் மனிதனுக்கு, மலையேறும் கார். நான்கு சில்லுக்கும் இழுவை. வாசலில் நின்று போனவர் வந்தவருக்கெல்லாம் விளக்கம் கொடுத்தீர்கள். நான் வந்தபோது, “மச்சாள், உம்மட கார் முன்னுக்கு ரெண்டு சில்லாலதானே இழுக்கும், இது நாலாலயும் இழுக்கும். நாலு சில்லும் இழுக்கேக்க என்ன பயம்?” என்றீர்கள்.

“பிரேக் பிடிக்கிறது என்ர காரிலயும் நாலு சில்லும்தான், அத்தான்” என்றேன்.

“பாத்தியளோ, யூனிவசிட்டி கதைக்குது” என்று பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள்.

நான் கவுன்சிலில் வீதிப் பிரிவில் இருக்கிறேன். எந்தத் திருப்பத்தில் எந்தக் காலநிலையில் வாகனங்கள் மோதுகின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைப்பது என் வேலையின் ஒரு பகுதி. பனி பெய்யும் நாட்களில் மேட்டின் அடியில் விழும் புள்ளிகளில் பெரிய கார்கள் குறைவாக இருப்பதில்லை. காரணம் எளிது. வீதிக்கும் ரயருக்கும் இடையில் இருக்கும் பிடிப்பு ஒன்றுதான். இழுப்பது, திருப்புவது, நிறுத்துவது மூன்றும் அந்த ஒன்றிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கின்றன. நான்கு சில்லாலும் இழுக்கும் கார் பனியில் புறப்படும், மேட்டில் ஏறும். அதோடு அதன் திறமை முடிந்தது. இறங்கும்போதும் திரும்பும்போதும் அது வெறும் பாரம் கூடிய கார். சுலபமாகப் புறப்பட்டுவிட்டதால் வீதி நல்லாயிருக்கிறது என்று ஓட்டுபவனை நம்பவைப்பதுதான் அது செய்யும் பெரிய கெடுதி.

அந்தக் குறையைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்கள் காரில் ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோல் என்று இன்னொன்று இருந்தது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது என்பதையும், கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துவராத கணத்தில், ஓட்டுபவரைக் கேட்காமலே, ஒரேயொரு சில்லை மட்டும் பிரேக் பிடித்துக் காரை வழிக்கு இழுக்கும். வால் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சில்லைப் பிடிக்கும். மூக்கு வெளியே ஓடினால் உள்பக்கப் பின்சில்லைப் பிடிக்கும். கூடவே எஞ்சினின் வேகத்தையும் அடக்கும். ஒரு சில்லு பனியில் சும்மா சுழன்றால் அதைப் பிடித்துவைத்து, இழுவையைப் பிடிப்புள்ள சில்லுக்கு அனுப்புவதும் அதன் வேலைதான். நான்கு சில்லு இழுவை காரைப் போகவைக்கும், மற்றது போகும் திசையைக் காப்பாற்றும். அது வேலை செய்யும்போது ஓட்டுபவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு மினுங்கும். நீங்கள் இதில் ஒன்றையும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. காரின் நிறத்தைத் தெரிவுசெய்ய நீங்கள் எடுத்த நேரத்தில் பாதி போதுமாயிருந்திருக்கும்.

உங்கள் தம்பியின் மகனுடைய பொன்னுருக்கல் ஒரு ஜனவரியில் வந்தது. தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரத்தில் உருக்க வேண்டும். நேரத்தைப் பனிக்காகத் தள்ளிப்போட ஐயர் சம்மதிக்க மாட்டார். பொன் நாணயம் பெரியப்பாவான உங்கள் கையில் இருந்தது. வீடு அப்பர் நோர்வூட் மேட்டின் உச்சியில். அன்று காலை நீங்கள் ஓட, அக்கா பக்கத்தில், நான் பின்னால். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த மஞ்சள் விளக்கு மினுங்கியது. இடையில் கைவிடப்பட்ட கார்களைத் தாண்டிப் போனோம்.

“எப்பிடிப் பிடிக்கிறன் பாத்தியளோ?” என்றீர்கள்.

நீங்கள் பிடிக்கவில்லை, அத்தான். அது உங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பொன் உருகியது. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டோம். சாப்பாடு முடியமுன்பே வெளியே பின்கதவுகள் திறந்துவிட்டன. நாங்கள் புறப்பட வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆனால் கார் நின்ற இடத்தில் பனி இறுகியிருந்தது. அக்கா ஓட்டுநர் பக்கம் போனாள்.

“நீ தள்ளி நில்லு. இது பொம்பிளையள் எடுக்கிற இடமில்லை” என்றீர்கள். ஏறி உட்கார்ந்தீர்கள். கார் ஒரு பெருமூச்சு விட்டது, அசையவில்லை. சில்லு சுழலத் தொடங்கியதும் எஞ்சின் தன்னை அடக்கிக்கொண்டது. அப்படித்தான் அது செய்ய வேண்டும். சுற்றி நின்றவர்களுக்கோ நல்ல வேடிக்கை.

“என்ன மச்சான், நாலு சில்லு எண்டாய், நாப்பது பேர் தள்ள வேண்டிக் கிடக்கு?”

“அந்தச் சுவிச்சை அமத்தடாப்பா! கம்பியூட்டர் விடுதில்லை!”

அமத்தினீர்கள். ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோல் அணைந்தது. அமத்தியது பிழையென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. ஆழமான பனியில் புதைந்த காரை எடுக்கச் சில்லு கொஞ்சம் சுழன்று கிண்டத்தான் வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பொத்தானையே வைத்திருக்கிறார்கள். கார் முன்னும் பின்னும் ஆடி, பனியை வாரி இறைத்து வெளியே வந்தது. கைதட்டினார்கள். நீங்கள் எஞ்சினை நிறுத்தாமல், சூடு போய்விடும் என்று ஓடவிட்டபடியே இறங்கிச் சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் ஏறினீர்கள். எஞ்சினை ஒருமுறை நிறுத்தி அக்கா திரும்ப ஸ்ராட் பண்ணியிருந்தால், அணைத்தது தானாகவே திரும்பி வந்திருக்கும். யாரும் ஒன்றும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், உங்களைப் போன்ற மனிதர்களை மனதில் வைத்து.

அந்த மஞ்சள் விளக்கு இப்போது மினுங்கவில்லை. அசையாமல் எரிந்தது. மடியில் பலகாரப் பெட்டியோடு பின்னால் இருந்த எனக்கு இரண்டு இருக்கைகளுக்கும் நடுவால் அது தெரிந்தது.

“அத்தான், அது என்ன லைற்?”

“அது ஹீற்றர், மச்சாள். உமக்குக் குளிருதெண்டுதான் போட்டனான்.”

ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த அக்கா நான் குளிர் என்று சொன்னேனா என்று திரும்பிக் கேட்டாள். கார் இறங்கத் தொடங்கியது.

அவள் மெதுவாகத்தான் ஓடினாள். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். “அக்சிலரேற்றரைக் கொஞ்சம் அமத்தன், செத்த வீட்டுக்கே போறம்?” என்றீர்கள். அமத்தினாள். திருப்பம் வந்ததும் பயந்து காலை எடுத்தாள். யாரும் அதைத்தான் செய்வார்கள். காரின் பின்பக்கம் எங்களைவிட்டுத் தனியே போகப் புறப்பட்டது. ஒரு சில்லு பிடித்து இழுத்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் ஒன்றும் நடக்கவில்லை. தட்டு ஒன்றைச் சுழற்றிவிட்டதுபோலக் கார் சுழன்று, ஒரு வீட்டு மதிலில் பக்கவாட்டாகப் போய் இடித்தது. அக்காவின் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டதா, அல்லது பிறகு நினைத்துக்கொண்டதா என்று இன்றுவரை நிச்சயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்டது நிச்சயம்.

“என்னடி செய்தனி?”

அவள் கை தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்டது அதுதான்.

பொலிஸ்காரன் வந்து அவளை ஊதச் சொன்னான். முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு துளி தொடாதவள் ஊதினாள். நீங்கள் ஏலக்காய் மென்றுகொண்டு நின்று, கேட்காமலே அவளுக்காக ஆங்கிலத்தில் பதில் சொன்னீர்கள்: அவள் பானிக் ஆகிவிட்டாள், பனியில் ஓடிப் பழக்கமில்லை. பொலிஸ்காரன் அதைப் புரிந்துகொண்டு அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் நம்பினாள்.

கார் திருத்தி வந்த பிறகு நான் ஒருநாள் அதில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்ராட் பண்ணினேன், மஞ்சள் விளக்கு இல்லை. நீங்கள் அமத்திய பொத்தானை அமத்தினேன், வந்தது. எஞ்சினை நிறுத்தித் திரும்பப் போட்டேன், போய்விட்டது. ஒருமுறை போதாது என்று பலமுறை செய்து பார்த்தேன். எனக்கு ஒன்றை நம்ப அவ்வளவு வேண்டும். பிறகு சித்திரை வருடப்பிறப்புக்கு உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, யாரோ அக்காவின் ஓட்டத்தைப் பற்றிப் பகிடி விட்டபோது, சொன்னேன்.

“அது ஹீற்றர் இல்லை, அத்தான். நீங்கள் ஸ்டெபிலிட்டி கொன்ட்ரோலை அமத்திப்போட்டு, திருப்பிப் போடாமல் அக்காட்டைக் குடுத்தனீங்கள்.”

“நான் அமத்தாட்டி நீங்கள் இண்டைக்கும் அங்கதான் நிண்டிருப்பியள்.”

“எடுக்க அமத்தினது சரி. எடுத்தாப்பிறகு?”

“மச்சாள், கார் ஓடுறது புத்தகத்தில இல்லை. கையில இருக்கு.” உங்கள் கையைத் தூக்கிக் காட்டினீர்கள். பிறகு அக்காவின் கட்டுப் போட்ட கையைக் காட்டினீர்கள். மேசை சிரித்தது.

“விடு” என்றாள் அக்கா என்னிடம். “நான்தான் காலை எடுத்தனான். எனக்குத் தெரியாதே?”

அதோடு முடிந்தது. கை பொருந்திய பிறகும் அவள் திறப்பைத் தொடவில்லை. வேலையை விட்டாள். அந்த முதியவர்களில் ஒருவர் அவளைத் தேடித் தொலைபேசியில் கூப்பிட்டதை நான் அறிவேன். சின்னக் காரை நீங்கள் யாருக்கோ கொடுத்தீர்கள். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதே கதை: “நாலு சில்லும் இழுத்த காரையே சுத்தவிட்டவ என்ர மனிசி! வேற ஆருக்கு ஏலும்?” அவளும் சிரிப்பாள். மற்றப் பெண்கள் திறப்பை வாங்கிக்கொண்டு போக, நீங்கள் ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொண்டு நீங்களே ஓடினீர்கள். அவள் பின்னால் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு வருவாள்.

உங்களுக்கு நியாயம் செய்ய நான் முயன்றிருக்கிறேன். அன்று மாலை நீங்கள் குடித்திருந்தீர்கள். அந்த விளக்கு என்னவென்று உண்மையிலேயே தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். பொத்தானை மறந்திருக்கலாம். மனிதர்கள் மறப்பார்கள், மறப்பதற்கு நான் யாரையும் வெறுப்பதில்லை. ஆனால் வருடப்பிறப்பன்று நான் சொன்ன பிறகு உங்களுக்குத் தெரியும். உங்கள் முகத்தில் ஒரு கணம் அது வந்து போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் நீங்கள் அந்தக் கதையைச் சொன்னீர்கள். ஒரு வார்த்தையில் அவளுக்கு அந்த இருக்கையைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். உங்கள் கையைப் பற்றிச் சனம் சொல்லும் பெருமை அதைவிடப் பெரிதாக இருந்தது. மதிலில் இடித்ததை நான் விபத்து என்றே எழுதுவேன். பிறகு வந்த ஆண்டுகளுக்கு அந்தச் சொல் பொருந்தாது.

ஆகவே நேற்று, அக்கா கையில் தட்டகப்பையோடு நிற்க, நான் சொன்னேன்: “வா, ஒருக்கா ஓடிப் பாப்பம்.”

“உனக்கென்ன விசரோ? இந்த ஸ்னோவிலயோ?”

“இந்த ஸ்னோவிலதான். சனிக்கிழமை கார் போயிடும்.”

காரைக் கிடப்பில் விடாமல் இடைக்கிடை ஓடுவதற்காக உங்கள் மகன் காப்புறுதியில் எங்கள் இருவரின் பெயரையும் போட்டுவைத்திருந்தான். நானே மெதுவாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் விளையாட்டுத் திடலின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். வாயில் திறந்திருந்தது, ஒரு வாகனம் இல்லை. மிதிக்காத பனி ஒரே வெள்ளையாக விரிந்து கிடந்தது. இடிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடம். அக்கா கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

முதலில் அப்படியே ஓடினேன். வேண்டுமென்றே ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தேன். காலுக்கடியில் கர்ரென்று ஏதோ பல்லைக் கடித்தது. மஞ்சள் விளக்கு மினுங்கியது. கார் முனகிக்கொண்டு திரும்பியது. பிறகு பொத்தானை அமத்தினேன். விளக்கு அசையாமல் எரிந்தது. அதே வேகம், அதே ஒடிப்பு. கார் சுழன்று, நாங்கள் வந்த வாயிலையே பார்த்தபடி நின்றது.

அக்கா கத்தினாள். பிறகு கதவுக் கைப்பிடியை விட்டு, பெல்ட்டைக் கழற்றினாள்.

“இறங்கு” என்றாள். “நான் ஓடிப் பாக்கிறன்.”

இடம் மாறினோம். இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டைப் போட்டாள். எல்லாம் சோதனைக்குப் போகிறவளின் ஒழுங்கில். ஒருமுறை சுற்றினாள், விளக்கு மினுங்க, கார் அவள் சொன்ன பக்கம் போனது. நிறுத்தினாள். தன் விரலாலேயே பொத்தானை அமத்தினாள். புறப்பட்டு, திரும்பும்போது அன்று செய்ததையே செய்தாள்: காலை எடுத்தாள். கார் அதே தட்டுப்போலச் சுழன்றது. வெள்ளை முழுவதும் எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போய் நின்றது.

அவள் ஸ்டியரிங்கை விடவில்லை.

“அண்டைக்கு இது அமத்தியே கிடந்தது?”

“ஓம்.”

“நீ சொன்னனிதானே.”

“ஓம்.”

“நான்தான் நம்பேல்லை.” முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அவருக்குத் தெரியுமோ?”

இறந்தவரைப் பற்றி மனைவியிடம் சொல்ல எத்தனையோ மென்மையான பொய்கள் இருக்கின்றன. அந்தக் கணத்தில் ஒன்றிரண்டு எனக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எடுக்கவில்லை.

“தெரியும்” என்றேன்.

அவள் அழவில்லை, அத்தான். நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். எஞ்சினை நிறுத்தினாள், திரும்பப் போட்டாள், விளக்கு அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு சுற்றத் தொடங்கினாள். இடமாக, வலமாக, எட்டுப் போல, வாயில்வரை போய்த் திரும்பி. எனக்குத் தலை சுற்றியது. காலால் பிரேக்கைத் தேடாமல், கார் முனகும்போது பயப்படாமல், அது தன்னைத் திருத்துவதற்கு இடம்விட்டு ஓடினாள். வெள்ளைத் தரை முழுவதும் அவளுடைய தடமாகிவிட்டது. கடைசியில் ஓரமாக நிறுத்தி, என் கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்கி மகனை அழைத்தாள்.

“கார் இஞ்சயே நிக்கட்டும், ராசா... இல்லை, விக்கேல்லை... நான் ஓடப்போறன்.”

மறுபக்கத்தில் அவன் ஆங்கிலத்தில் படபடத்தது எனக்கே கேட்டது. “அம்மா, ஆர் யூ ஷுவர்? அப்பா ஆல்வேஸ் செட்...”

“அப்பா சொன்னது பிழை” என்றாள். குரலில் சூடு இல்லை. பஸ் நேரத்தைத் திருத்திச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டிவந்தாள். இன்று காலை தொலைபேசியில் பேசும்போது, முதியவர்களைப் பார்க்கும் அந்த வேலைக்கு இப்போதும் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னாள். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு மரக்கறி வாங்கத் தானே போவதாகவும், உங்களுக்குப் பிடித்த முருங்கைக்காய் கிடைக்கும் கடை தனக்குத் தெரியும் என்றும் சொன்னாள். எனக்குப் புரிந்தது. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள், பதில் கிடைத்தது, பாரத்தை அந்தத் திடலில் இறக்கி வைத்துவிட்டாள். அவளால் அது முடியும். உங்களோடு வாழ்ந்து பழகியவள்.

என்னால் முடியாது. முயலவும் போவதில்லை. திவசத்தன்று உங்கள் படத்துக்கு முன்னால் எல்லோரும் தேரோட்டி என்று உருகும்போது, நான் வந்து மற்றவர்களோடு நின்று, படையலில் கை வைத்துக் கும்பிடுவேன், அக்காவுக்காக. கோபம் என்னோடு இருக்கும். அவள் இனி அதைச் சுமந்துகொண்டு கார் ஓட வேண்டியதில்லை. எங்கள் இருவரில் ஒருத்தியாவது அதை வைத்திருக்க வேண்டும், நான் வைத்திருக்கிறேன்.